இத்தா வீட்டுக்கு வந்த புத்தகப் பெட்டி

என் கணவர் மௌத்தான வருடம் நோன்புப் பெருநாள் என் இத்தாவுக்குள் வந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் விதவை இருக்கவேண்டிய காலம் அது. அதில் நாற்பது நாள் போவதற்குள் நோன்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இத்தா லீவு தந்திருந்தார்கள். நான் கணக்குப் படிப்பிக்கிறவள். முப்பது பிள்ளைகளை அதட்டிப் பழகியவள். வீட்டுக்குள் சும்மா இருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே பிள்ளை. என் உம்மாவும் வாப்பாவும் முன்பே போய்விட்டார்கள். கடைத்தெரு வேலைக்கெல்லாம் தம்பி தினமும் வந்துபோவான். பக்கத்து வீட்டு மாமி வேலியோரமாக வந்து விசாரிப்பார். மற்றபடி வீட்டில் நானும் அவளும்தான்.

அவர் மருதமுனைக்காரர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். கல்யாணத்தன்று இரண்டு சூட்கேசோடும் ஒரு பெட்டி சிறுவர் புத்தகங்களோடும் வந்து இறங்கினார். தான் சின்ன வயதில் வாசித்தவையாம். "மாப்பிள்ளைக்கு இன்னும் பால்பல் விழல்லையா?" என்று என் சொந்தக்காரப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நீர்ப்பாசனத்தில் வேலை, பகலெல்லாம் வாய்க்கால், வரம்பு, தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிற வயல் சொந்தக்காரப் போடிமார். வீட்டுக்கு வந்தால் பிள்ளையோடு பிள்ளையாகத் தரையில் கிடப்பார்.

மற்ற வீடுகளில் பெருநாளைக்குப் பிள்ளைகளின் கையில் காசு வைப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் புத்தகம் கொடுப்பார். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது மூன்று பேருமாகக் கல்முனைக் கடைத்தெருவில் உள்ள புத்தகக் கடைக்குப் போனோம். அவள் ஒரு எருமை கொட்டாவி விடுகிற படப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு வரிதான்.

"இதில வாசிக்க என்ன இரிக்கி? நாலு நிமிசத்தில முடிஞ்சிரும்" என்று சொல்லி, அதை வைத்துவிட்டு, கூட்டல் கழித்தல் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அழவில்லை. அவரும் கடைக்குள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் நோன்பு வந்ததும், "பெருநாள் புத்தகத்த என்ட பொறுப்பில விடுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கும் ஒரு வேலை குறைந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு பெருநாளும் ஒரே மாதிரித்தான் நடந்தது. அவர் புத்தகத்தை வாங்கி வீட்டுக்குள் எங்காவது ஒளித்து வைப்பார். பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் மகள் தேடத் தொடங்குவாள். தையல் மெஷின் மூடிக்குள், அரிசி வாளிக்குப் பின்னால், ஷோகேசுக்கு மேல், மெத்தைக்கு அடியில். கண்டெடுத்ததும் அவள் போடுகிற கூச்சல் வேலிக்கு அப்பால் கேட்கும். நான் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்த கையோடு குசினியிலிருந்து ஓடிவந்து பார்ப்பேன். வருடம் தவறாமல் அவளுக்குப் பிடித்த புத்தகமாகவே இருக்கும்.

"எப்பிடித்தான் உங்களுக்குத் தெரியுதோ இவக்கு என்ன விருப்பம் எண்டு?" என்று நான் கேட்பேன். அவர் மகளைப் பார்த்துச் சிரிப்பார். அவள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எனக்கு அந்தக் காட்சியில் அப்படியொரு பெருமை. ஆசிரியர் ஓய்வறையில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைச் சலிக்க வைத்திருக்கிறேன்.

அவர் போனது ஒரு விடியலில். சுபஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சுக்குள் ஏதோ இறுக்குகிறது, கொஞ்சம் சுடுதண்ணி தாங்க என்றார். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவி, தண்ணீரோடு திரும்பி வந்தேன். அவர் கதிரையில் சாய்ந்து இருந்தார். நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். மகள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் என் முன்னால் அழவே இல்லை. ஜனாஸா எடுக்கும்போது பெண்களெல்லாம் கதறினார்கள். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு வாப்பா என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்தால் தண்ணீர் கொண்டுவந்து தருவாள். தஸ்பீஹ் மணியை எடுத்துத் தருவாள். சோற்றை வைத்தால் பாகற்காயைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். "நல்ல பொறுமையான புள்ள" என்று வருகிறவர்கள் மெச்சினார்கள். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிள்ளை என்னிடமிருந்து எங்கோ தள்ளிப் போய்க்கொண்டிருப்பதாகப் பட்டது. அவளை எப்படித் திருப்பிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நோன்பு பதினைந்து தாண்டியதும்தான் புத்தக யோசனை வந்தது. இந்தப் பெருநாளைக்கும் வாப்பாவின் புத்தகம் அவள் கைக்குக் கிடைக்கவேண்டும். அவர் நோன்புக்கு முன்னமே வாங்கி ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்லிவிடலாம். அதைக் கண்டால் அவள் வாய் திறப்பாள், சிரிப்பாள், அல்லது அழுவாள். நோன்பு வைத்துக்கொண்டு பொய்யா என்று மனம் குத்தியது. பிள்ளைக்காகத்தானே, அல்லாஹ் பொறுப்பான் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

எனக்கோ கடைக்குப் போக ஏலாது. தம்பியை அனுப்பினேன். "ஒன்பது வயசுப் புள்ளைக்கு நல்ல புத்தகமா ஒண்டு பாத்து வாங்கிட்டு வா" என்றேன். அவன் பெரிய பையோடு வெற்றி வீரனாகத் திரும்பி வந்தான். உள்ளே புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் தொகுப்பு மூன்று, ஒரு உலகப்படம்.

"இதென்ன?"

"நீங்கதானே ராத்தா நல்ல புத்தகம் எண்டீங்க. கடையில நிண்ட எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

அவனை ஏச வாயெடுத்தேன். ஆனால் அவன் என்னிடம் படித்தவன். நல்ல புத்தகம் என்றால் இதுதான் என்று அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகமுடியாத பெண்களுக்குப் புடவைக் கடைக்காரர்கள் உடுப்பைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் சரி. அதே மாதிரிப் புத்தகத்தையும் தரமுடியுமா என்று தம்பியிடம் கேட்டுவிட்டேன். கடைக்காரர் மறுக்கவில்லை. யாருடைய வீட்டுக்கு என்று கேட்டாராம், சொன்னதும் தானே இறாக்கைகளில் இருந்து எடுத்து ஒரு பெட்டி நிறையச் சிறுவர் புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தாராம். தம்பி அதை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக் கட்டிப்பிடித்தபடி கொண்டுவந்து சேர்த்தான்.

மகள் குர்ஆன் ஓதப் போன நேரமாகப் பார்த்து, அறைக்குள் பாய் விரித்துப் பெட்டியைப் பிரித்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். மூன்று நாள் காலையாக, வெள்ளைப் புடவையோடு கால் நீட்டியிருந்து, ஒன்றையும் விடாமல் வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கதை நான் வாசித்ததில்லை.

முதல் புத்தகத்திலேயே வேடன் தாய்மானைக் கொன்றுவிட்டான். இரண்டாவதில் ஒரு பிள்ளைக்கு வாப்பா இல்லை. அவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாவதில் சின்னம்மாக்காரி சோறு போடாமல் துரத்துகிறாள். சிறு பிள்ளைகளின் கதைகளில் இத்தனை மௌத்து இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பெற்றோரைச் சாகடிக்காமல் இந்த எழுத்தாளர்களுக்குக் கதையைத் தொடங்கத் தெரியாதா என்று எரிச்சல் வந்தது. மௌத்து வருகிற புத்தகங்களை ஒரு பக்கம் அடுக்கினேன். வாப்பாவும் பிள்ளையும் கைபிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிற மாதிரிப் படம் போட்டவற்றை இன்னொரு பக்கம் அடுக்கினேன். அவற்றைப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை. மிச்சமாகக் கிடந்தவை எலியும் பூனையும், கணித விளையாட்டு, கோள்கள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். நான் எலி கல்யாணத்துக்குப் போகிற கதையில் இருந்தேன். சிரித்தும் விட்டேன் போலும்.

"என்ன கா புள்ள, இத்தாவில இருந்துக்கு கதைப் புத்தகமா? ஓத வேண்டிய நாளையில?"

"ஓதிட்டுத்தான் இருக்கன் மாமி. இத்தாவில இருக்கிறவ எலிக்குச் சிரிக்கப்படாது எண்டு எந்தக் கிதாபில இரிக்கி?"

மாமி தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் அவரே கஞ்சிக் கோப்பையும் கொண்டுவந்து தந்தார். கோபம் இல்லை. ஆனால் என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ஒரு பிள்ளை தன் வாப்பாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறது. நிலா ஏன் தேய்கிறது, கடல் ஏன் உப்பு, மின்மினி எப்படி எரிகிறது. அந்த வாப்பா ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு விளக்கம் சொல்கிறார். யாரும் சாகவில்லை, அறிவும் வளரும், நல்ல தாள். இதைவிட என்ன வேண்டும்? இதைப் பார்த்தால் அவரே வாங்கியது போல இருக்கும் என்று நம்பினேன். இருபத்தேழாம் நோன்பன்று, மகள் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போன நேரம், அவருடைய அலுமாரியில் சட்டை அடுக்கின் நடுவே அதை வைத்தேன். சட்டைகளை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கையை உள்ளே விட்டு எடுத்தபோது நான் அங்கேயே இருந்து அழுதுவிட்டேன்.

பெருநாளன்று காலை தம்பியோடு தொழுகைத் திடலுக்குப் போய்வந்து, புதுச் சட்டையோடு கதிரையில் இருந்தாள். தக்பீர் சத்தம் ஓய்ந்துவிட்டிருந்தது. நான் முகத்தைக் கழுவித் துடைத்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன மகள், தேடலையா? வாப்பா முன்னமே வாங்கி வச்சிருக்காரு எல்லா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க தேடுற?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? வாப்பா எங்க ஒளிப்பாரு எண்டு உனக்குத்தானே தெரியும்."

அவள் எழுந்தாள். முதலில் தையல் மெஷின். பிறகு அரிசி வாளி. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி ஷோகேசுக்கு மேல் துழாவினாள். மெத்தையைப் புரட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் "இஞ்ச இல்ல" என்று எனக்குச் சொல்லிச் சொல்லித் தேடினாள். எல்லாம் முடிந்து கடைசியாக அலுமாரியைத் திறந்தாள். கதவைத் திறந்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள். சட்டைகளிலிருந்து அவருடைய வாசம் நான் நின்ற இடம் வரை வந்தது. பிறகு புத்தகத்தை இழுத்தெடுத்துத் திரும்பினாள்.

"உம்மா! இந்தா! வாப்பா வாங்கி வச்சிருக்காரு!"

அதே கூச்சல். அதே துள்ளல். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் பொய் பலித்துவிட்டது என்று அந்த வேதனைக்குள்ளும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் தம்பி மிச்சப் புத்தகங்களைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தான். நான் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் இருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரர் ஒண்டு சொன்னாரு ராத்தா" என்றான். "பெட்டியெல்லாம் என்னத்துக்கு, மகள விட்டிருந்தா அவவே வந்து தெரிஞ்செடுத்திருப்பாவே எண்டு."

"அவ எப்ப கடைக்குப் போனவ?"

"ஒவ்வொரு நோன்புக்கும் வாறயாம். மச்சானும் அவவும் மூலையில நிலத்தில இருந்து முதல் பக்கத்த வாசிப்பாங்களாம். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தாத்தான் வாங்குறயாம். வராட்டி வச்சிட்டு அடுத்தது. ஒரு பின்னேரம் முழுக்க இருப்பாங்களாம்."

கடைசிப் பத்து நோன்பில் ஒரு பின்னேரம் மருதமுனையில் தன் உம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, அவர் மகளை மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு போவார். நானும் கையசைத்து அனுப்பி வைப்பேன்.

மௌத்தானவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. நான்கு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், என் வீட்டுக்குள், என் கண் முன்னால். தம்பி போன பிறகும் அந்தக் கோபத்தோடு பாயில் இருந்தேன். அது எவ்வளவு நேரம் நிற்கும்? எருமைப் புத்தகத்தை அவள் கையிலிருந்து பறித்தவள் நான். அவள் தெரிந்தெடுப்பதற்கு நான் தடையாக இருந்ததால்தான் அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். புத்தகத்தை அவள்தான் தெரிந்தெடுப்பாள். தான் வாங்கியதாக அவர் சொல்வார். நான் குற்றம் பிடிக்காமல் பெருமைப்படுவேன். நான்கு பெருநாளும் அவர்கள் இருவருமாக எனக்கு நடித்துக் காட்டியதை, இந்தப் பெருநாள் அவள் தனியாக நடித்திருக்கிறாள். தையல் மெஷினில் தொடங்கி, ஓர் இடமும் விடாமல், நான் ஒளித்த இடத்தைக் கடைசிக்கு வைத்து.

"மகள், இஞ்ச வாங்க."

அவள் வந்து பாயில் இருந்தாள்.

"அந்தப் புத்தகம் வாப்பா வாங்கினது இல்ல. நான் வாங்கினது."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீங்க தேடச் சொல்லக்கொள்ளயே."

"மறுகா என்னத்துக்கு அவ்வளவு சந்தோசப்பட்ட?"

அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "தேடலையா எண்டு கேக்கக்கொள்ள நீங்க சிரிச்சீங்க உம்மா. இவ்வளவு நாளும் சிரிக்கல்லதானே."

ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முப்பது புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன்.

"வாசிச்சயா அத?"

"ஓம்."

"எப்பிடி இரிக்கி?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பெருநாள் காலையில் பார்த்த அதே பார்வை. என்ன சொன்னால் உம்மா தாங்குவா என்று பார்க்கிற பார்வை அது என்று இப்போது எனக்குப் புரிந்தது.

"உண்மையச் சொல்லுங்க. நான் ஏசவும் மாட்டன், அழவும் மாட்டன்."

"நல்லாவே இல்ல உம்மா."

"ஏன்?"

"சிரிப்பே வரல்ல. அந்த வாப்பாக்கு எல்லாம் தெரியும். என்ன கேட்டாலும் டக்கெண்டு சொல்றாரு." அவள் குரல் ஏற ஆரம்பித்தது. "எங்கட வாப்பாக்கு ஒண்டும் தெரியாது. என்ன கேட்டாலும், 'எனக்குத் தெரியாதே மகள், வாங்க போய்ப் பாப்பம்' எண்டுதான் சொல்லுவாரு. நிலா எண்டாலும் அப்பிடித்தான் சொல்லுவாரு. மின்மினி எண்டாலும்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாய் கோணியது. பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுபத்தைந்து நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. என் மடியில் விழுந்து, வெள்ளைப் புடவையைக் கடித்துக்கொண்டு, வாப்பா, வாப்பா என்று கத்தினாள். நான் அவளை அடக்கவில்லை. முதுகைத் தடவவுமில்லை, பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து மாமியின் குரல் பதறிக் கேட்டது. "என்ன கா? புள்ளைக்கு என்ன? ஏன் இப்பிடி அழுறா?"

"வாப்பாக்கு அழுறா மாமி" என்றேன். "அழட்டும்."